குழப்படியா, குளிசையா?

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு. மாரிமழை தொடங்கிய இரண்டாம் கிழமை. எட்டு வயதுப் பையன் நடுச்சாமத்தில் பாயில் எழும்பிக் குந்திக்கொண்டு கதவு மூலையை விறைத்துப் பார்க்கிறான். "என்ன மனே?" என்று தாய் தோளைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டு வீரிட்டு அழுகிறான். விடிந்தால் அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அந்தக் கிழமையே வகுப்பில் பக்கத்து வாங்குப் பிள்ளையின் கையில் பென்சிலால் குத்திவிட்டான். அடித்தால்கூடத் திருப்பி அடிக்காத பிள்ளை அவன்.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். அம்மம்மா உப்பும் காய்ந்த கொச்சிக்காயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். "நெடி வரல்ல பாத்தியா புள்ள, கண்ணூறுதான்." தகப்பனுக்குக் குற்றவாளி போன். மாமன், செல்லம் கூடிப்போச்சு, ரெண்டு போட்டால் சரிவரும் என்றார். தாயின் மனம் மட்டும் புலமைப்பரிசில் வகுப்பிலேயே நின்றது. மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளையை அங்கே இருத்தியது தான்தானே என்ற குற்றவுணர்ச்சி.

சாமிப்படத் தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடதாசி உறை கிடந்தது. அதன்மேல் நீலப் பேனையால் "இரவு 1" என்று எழுதியிருந்தது. உள்ளே கடித்துத் தின்னும் இனிப்புக் குளிசை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முட்டுக்கு, அதாவது ஆஸ்துமா இழுப்புக்கு, கொடுத்த குளிசைக்கும் பிள்ளையின் குணத்துக்கும் என்ன தொடர்பு இருக்கப்போகிறது?

பாமசி மேசைக்குப் பின்னால் பல வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதே இல்லை. "சூடு கூடுமா", "வயிறு எரியுமா", "நித்திரை வருமா" என்று கேட்பார்கள். "பிள்ளையின் குணம் மாறுமா" என்று கேட்க வேண்டும் என்பதே எவருக்கும் தோன்றுவதில்லை. சிலருக்கு மாறும்.

அந்த உறைக்குள் இருந்த மருந்தின் பெயர் மொன்டெலுகாஸ்ட். முதலில் சிங்குலேர் என்ற பெயரில் வந்தது, அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. இப்போது எங்கள் பாமசிகளில் இதற்குப் பத்துப் பெயர் இருக்கும், பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. மூச்சுக்குழாயைச் சுருங்கவும் வீங்கவும் வைக்கிற லூக்கோட்ரையீன் என்ற பொருள் உடம்பில் போய்ப் பிடித்துக்கொள்ளும் இடத்தை இது முன்கூட்டியே அடைத்துவிடும். இரண்டு முதல் ஐந்து வயதுவரை 4 மில்லிகிராம், ஆறு முதல் பதினான்குவரை 5, அதற்கு மேல் 10. நாளுக்கு ஒன்று, முட்டுக்கென்றால் இரவில். இனிப்பாக இருக்கும், பிள்ளை கேட்டு வாங்கித் தின்னும். தாய்மாருக்கு இதைவிட வசதியான மருந்து கிடையாது.

வந்து பத்து வருடத்துக்குள்ளேயே முறைப்பாடுகள் சேரத் தொடங்கின. கெட்ட கனவு, நித்திரையில் எழும்பி நடத்தல், காரணமில்லாத கோபம், பயம், மனச்சோர்வு. 2009இல் அமெரிக்காவில் மருந்தின் குறிப்புத்தாளில் எச்சரிக்கை ஏறியது. 2020 மார்ச் 4ஆம் திகதி அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டது. ஒரு மருந்துக்கு அவர்கள் கொடுக்கும் ஆகக் கடுமையான எச்சரிக்கை அதுதான். தற்கொலை எண்ணம் வரை அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பிரித்தானிய ஒழுங்குபடுத்துநர்களும் 2019இல் ஒருமுறை, 2024இல் மறுமுறை வைத்தியர்களுக்கு நினைவூட்டினார்கள்.

2020 அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. எங்கள் ஊருக்கு அதுதான் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகலுக்கும் தும்மலுக்கும் மட்டுமென்றால், வேறு மருந்து சரிவராதவர்களுக்கே இதைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வரி. மாலையில் தனியாரில் வைத்தியரைச் சனல் பண்ணிவிட்டுத் துண்டோடு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முட்டு, எத்தனை பேருக்கு வெறும் தடிமன்? மொன்டெலுகாஸ்டையும் லெவோசெடிரிசின் என்ற ஒவ்வாமை மருந்தையும் ஒன்றாகச் சேர்த்த குளிசையும் பாணி மருந்தும் வந்தபிறகு, அது "சளிக்குளிசை" என்ற பெயரில் வீட்டு அலுமாரியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்குப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு.

அதற்காகப் பயந்து ஓடத் தேவையில்லை. பிரித்தானியக் குறிப்புத்தாளின்படி கெட்ட கனவு, நித்திரையின்மை, எரிச்சல், சண்டைக்குணம், அதிகத் துடிதுடிப்பு எல்லாம் நூற்றில் ஒருவர் வரைக்கும் வரக்கூடியவை. கவனம் சிதறுவதும் மறதியும் ஆயிரத்தில் ஒருவர் வரை. இல்லாததைக் காண்பதும் தற்கொலை எண்ணமும் திக்குவாயும் பத்தாயிரத்தில் ஒருவர் வரை. இதை எடுக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் முட்டுக் குறைந்து சுகமாக ஓடி விளையாடுகிறார்கள். அமெரிக்க நிர்வாகமே தன் பெரிய தரவுத்தொகுதியை வைத்துப் பார்த்தபோது, முட்டுக்கே கொடுக்கும் உள்ளிழுக்கும் ஸ்டெரொய்ட் எடுத்தவர்களைவிட மொன்டெலுகாஸ்ட் எடுத்தவர்கள் மனநோய்க்காக வைத்தியசாலையில் கூடுதலாகச் சேரவில்லை என்றுதான் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போகாத மாற்றத்தை, நடுச்சாமத்தில் மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, அப்படிப்பட்ட கணக்கு பிடிக்காது. அந்த நிர்வாகமும் இது தெரிந்துதான் 2020இல் கறுப்புக் கட்டத்தைப் போட்டது. 2024 நவம்பரில் அதன் விஞ்ஞானிகள், இந்த மருந்து மூளையில் உள்ள பல ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது என்ற ஆய்வுகூட முடிவுகளை ஒரு மாநாட்டில் வைத்தார்கள். நெஞ்சுக்குக் கொடுத்தது தலைக்கும் போகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

பம்புக்குப் பயந்து

இந்தக் குளிசை இவ்வளவு வீடுகளுக்குள் வந்ததற்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அதுதான் பம்ப், வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் கருவி.

"பம்ப் மட்டும் எழுதாதீங்க டொக்டர், பழகிரும்." களுவாஞ்சிக்குடியில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை இந்த ஒரு வசனத்தைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குரலில் சொல்வார்கள். பெண்பிள்ளை என்றால் பயம் இரட்டிப்பு. பம்ப் பிடிக்கிற பிள்ளையை நாளைக்கு யார் கட்டுவான்? பேச்சுக்கால் வரும் நேரத்தில் அயலவர் வாயில் "இழுப்புக்காரி" என்ற பேர் விழுந்துவிடும். குளிசையென்றால் யாருக்கும் தெரியாது. ஆகவே தாய் குளிசை கேட்கிறார், வைத்தியரும் ஒன்றும் பாவிக்காமல் இருப்பதைவிட இது பரவாயில்லை என்று எழுதுகிறார். அது பிழை என்று சொல்ல மாட்டேன். நாலு வாரம் ஒரு மருந்தும் எடுக்காமல் மாரிக்குள் பிள்ளையை விட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் வார்ட்டில் கண்டிருப்பார்.

ஆனால் உலகம் முழுக்கப் பின்பற்றும் வழிகாட்டல்களில், அடிக்கடி முட்டு வரும் பள்ளி வயதுப் பிள்ளைக்கு முதலில் சொல்லப்படுவது குறைந்த அளவு உள்ளிழுக்கும் ஸ்டெரொய்ட். கிளினிக்கில் கொடுக்கும் பெக்லோமெதசோன் பம்ப் இந்த வகை. மைக்ரோகிராம் கணக்கில் நேராகச் சுவாசப்பைக்குப் போகும், இரத்தத்தில் கலப்பது சொற்பம். மொன்டெலுகாஸ்ட் அதற்கு அடுத்தபடி, பம்ப் முடியாதவர்களுக்கோ பம்போடு கூடுதல் உதவியாகவோ. பம்புக்கும் குறை உண்டு. நீண்ட காலம் பாவித்த பிள்ளைகள் வளர்ந்தபின் சராசரியாக ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரம் குறைந்திருந்தார்கள் என்று அமெரிக்காவில் பல வருடம் பின்தொடர்ந்து கண்டார்கள். பாவித்தபின் வாயைக் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். "பழகுதல்" மட்டும் நடப்பதில்லை.

பயந்த மருந்து மனதை மிகக் குறைவாகத் தொடுகிறது, பயப்படாமல் இனிப்புப்போல் கொடுத்த மருந்து கூடுதலாகத் தொடுகிறது. பல வருடம் இரண்டையும் மேசையில் வைத்து விற்றவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

(பம்புக்கும் வாய்க்கும் இடையில் பிடிக்கும் ஸ்பேசர் குழல் வாங்க வசதியில்லை என்று பம்பைத் தள்ளிவைக்கும் வீடுகளுக்கு ஒரு சிறு தகவல். 500 மில்லிலீற்றர் சோடாப் போத்தலின் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்த ஓட்டை போட்டுச் செய்யும் ஸ்பேசர் நன்றாகவே வேலை செய்யும் என்று 1999இலேயே தென்னாபிரிக்காவில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். செய்தால் கிளினிக்கில் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

"குழப்படி" என்ற சொல்

அந்தத் தாய் தன் மகனின் மாற்றத்தை அடுத்த கிளினிக்கில் சொல்லாமல் விடவில்லை. சொன்னார். "குழப்படி கூடிட்டு டொக்டர்" என்று சொன்னார். வைத்தியர் சிரித்துக்கொண்டே, "ஆம்பிளைப் பிள்ளைதானே அம்மா" என்று கொப்பியில் அதே குளிசையை இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதினார். இருவரிலும் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. வெளியில் வாங்கில் எழுபது எண்பது பேர் இருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "குழப்படி" என்ற சொல் அந்த நிமிடத்துக்குள் கேட்பவரின் மனதில் மரம் ஏறும் பையனைத்தான் கொண்டுவரும்.

எங்கள் தமிழில் இந்தச் சொல் ஒரு பெரிய சாக்கு. சோறு தின்ன மாட்டேன் என்பதும் குழப்படி, தம்பியைக் கடிப்பதும் குழப்படி, நித்திரையில் பினாத்துவதும் குழப்படி, ஒரு இடத்தில் இருக்காமல் துள்ளுவதும் குழப்படி, ஒன்றுமே பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அதற்கும் "புதுக் குழப்படி". மருந்தின் பக்கவிளைவு இந்தச் சாக்குக்குள் விழுந்தால் அதைத் திரும்ப எடுப்பது கஷ்டம். அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போகும் திருக்கோவில், பொத்துவில் பக்கத்துத் தாய்மாருக்கு இன்னொரு மடிப்பும் சேரும். அவர் சொல்வதை அரைகுறைச் சிங்களத்தில் பக்கத்தில் நிற்பவர் யாராவது மொழிபெயர்ப்பார். ஏற்கெனவே சுருங்கிய சொல் இன்னும் சுருங்கும்.

அதே தாய் "குளிசை தொடங்கி ஆறாம் நாளில இருந்து, கிழமைக்கு நாலு இரவு, ஒரு மணி ரெண்டு மணிக்கு எழும்பிக் கத்துறான், காலையில ஞாபகமில்ல; முந்தி இப்பிடி ஒருநாளும் இல்ல" என்று சொல்லியிருந்தால்? அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். எந்த வைத்தியரும் பேனையை நிறுத்தியிருப்பார்.

முட்டுக் குளிசை மட்டுமல்ல

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து வருவது சின்ன உறையில், தனியார் பாமசியில் வருவது வெட்டிய மட்டையில். குறிப்புத்தாள் இரண்டிலும் வராது. வந்தாலும் அது எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே பிள்ளைகளுக்கு அடிக்கடி எழுதப்படும் மற்ற மருந்துகளில் எவை குணத்தைத் தொடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே அளவில் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே அளவில் முக்கியமில்லை.

மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் பாணி குடித்த பிள்ளை கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, சில மணிநேரம் துள்ளிக்கொண்டிருக்கும். மருந்து இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். பிரிட்டோன் என்று எல்லோரும் சொல்லும் ஒவ்வாமை மருந்தான குளோபெனிரமின் நித்திரையைத் தரும் என்று நம்பிக் கொடுப்போம், சில சின்னப் பிள்ளைகளில் அது தலைகீழாக வேலைசெய்து விடியவிடிய ஆட்டம் போட வைக்கும்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை கொஞ்சம் பெரிய ஆள். கடும் முட்டுக்கு மூன்று நாளோ ஐந்து நாளோ கொடுக்கும்போது பிள்ளைக்கு அகோரப் பசி வரும், நித்திரை குறையும், தொட்டதற்கெல்லாம் அழும், சினக்கும். காலையில் சாப்பாட்டோடு கொடுத்தால் நித்திரைக் குழப்பம் குறையும். நாள் முடிந்ததும் பெரும்பாலும் குணமும் திரும்பிவிடும். முகமும் காலும் அதைத்துவரும் நெஃப்ரோட்டிக் என்ற சிறுநீரக நோய்க்கு இதே மருந்தை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எடுக்கும் பிள்ளையின் கதை வேறு. மாற்றம் கூடுதலாக இருக்கும், நீடிக்கும். "இது என் பிள்ளையே இல்ல" என்று ஒரு தாய் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் இதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. நீண்ட நாள் வெளியில் இருந்து ஸ்டெரொய்ட் வந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிள்ளை சோர்ந்து விழும், உயிருக்கே வந்துவிடலாம். வைத்தியர் சொல்லும் படியில்தான் இறக்க வேண்டும்.

வலிப்பு மருந்துகளில்தான் குடும்பங்கள் ஆகக் கூடுதலாகத் தவிக்கின்றன. பழைய பீனோபாபிட்டோன் பெரியவர்களை மந்தமாக்கும், சின்னப் பிள்ளைகளில் பலரைப் படபடப்பாகவும் சிடுசிடுப்பாகவும் ஆக்கும். இப்போது பரவலாக எழுதப்படும் லெவெடிரசெடம் வலிப்பை நன்றாகப் பிடிக்கும், இரத்தப் பரிசோதனைத் தொல்லை குறைவு, வைத்தியர்களுக்குப் பிடித்த மருந்து. அதன் விலை கோபம். ஏற்கெனவே வேறு வலிப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்த 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் நடந்த பரிசோதனையில், லெவெடிரசெடம் சேர்த்துக்கொண்டவர்களில் 37.6 சதவீதம் பேருக்கு எரிச்சல், சண்டைக்குணம், அழுகை போன்ற நடத்தை மாற்றம் காணப்பட்டது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 18.6 சதவீதம்.

அந்த இரண்டாவது எண்ணை அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். மருந்தே இல்லாத குளிசையை விழுங்கிய பிள்ளைகளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சினந்தார், கத்தினார், அழுதார். வலிப்பு நோயே மூளையின் விஷயம். பிள்ளையும் பயந்திருக்கும், வீடும் பயந்திருக்கும். ஆகவே "மருந்து தொடங்கியபின் மாறிவிட்டான்" என்பதில் பாதி உண்மையாகவும் பாதி வேறு எதுவாகவும் இருக்கலாம். முட்டிலும் அப்படியே. இரவெல்லாம் இருமி, இரண்டு மணிக்கு எழும்பி ஆவி பிடிக்கும் பிள்ளை மறுநாள் வகுப்பில் சிடுசிடுக்காமல் என்ன செய்யும்? குளிசையைப் பழிபோடுமுன் நித்திரையைக் கலைத்தது இருமலா, கனவா என்று பார்க்க வேண்டும்.

நிறுத்தலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதிலை எல்லா மருந்துக்கும் சொல்வதுதான் ஆபத்து. வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் ஒரு வீட்டில், வலிப்பு மருந்தால்தான் மகள் தலையைச் சுவரில் இடிக்கிறாள் என்று யாரோ போனில் வந்த வீடியோவைக் காட்டிச் சொல்ல, அன்றிரவே மருந்தை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் விட்டுவிட்டு வலிப்பு வந்தது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்திருந்தபடியால் பிள்ளையைக் கரை கடத்த நேரம் பிடிக்கவில்லை. பழைய பாதைப் படகுக் காலமென்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது. சொன்னவர் சொன்னது முழுப் பொய்யுமில்லை, மருந்து அந்தப் பிள்ளையை மாற்றியிருக்கத்தான் வேண்டும். பிறகு கிளினிக்கில் வேறு மருந்தை மெதுவாக ஏற்றி இதை மெதுவாக இறக்கினார்கள். அதே முடிவு, ஒரு மாதம் எடுத்தது, வலிப்பில்லாமல்.

வலிப்பு மருந்தும் நீண்டநாள் ஸ்டெரொய்டும் வீட்டில் நிறுத்தும் மருந்துகள் இல்லை. மொன்டெலுகாஸ்ட் அப்படியில்லை. படிப்படியாக இறக்க வேண்டிய அவசியம் அதற்குக் கிடையாது. பிள்ளையின் நடத்தையில் தெளிவான மாற்றம் கண்டால் குளிசையை நிறுத்தி உடனே வைத்தியருடன் பேசுங்கள் என்பதுதான் அமெரிக்க நிர்வாகமே பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை. ஆனால் "பேசுங்கள்" என்ற பாதியை விட்டுவிடக் கூடாது. குளிசை நின்றால் முட்டு திரும்பலாம், அதன் இடத்தில் என்ன என்பதை முடிவுசெய்ய வேண்டும். அடுத்த கிளினிக் திகதிவரை ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. கொப்பியையும் குளிசை உறையையும் எடுத்துக்கொண்டு அடுத்த நாளே ஓபிடிக்குப் போகலாம். சிலருக்கு மருந்து நின்றபிறகும் சில கிழமை மாற்றம் நீடித்ததாக முறைப்பாடு உண்டு, ஆகவே நிறுத்திய உடன் கண்காணிப்பையும் நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளை "நான் செத்துப்போறன்" என்று சொன்னால், தன்னைத்தானே காயப்படுத்தினால், இல்லாத ஆளைக் கண்டு பேசினால் அன்றே ஆஸ்பத்திரி. எந்த மருந்தாக இருந்தாலும், மருந்தே இல்லாவிட்டாலும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் அதற்கும் வரும். மனநல உதவிக்கு 1926 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

கலண்டரில் பால் கணக்கு

ஆரையம்பதிக்குத் திரும்புகிறேன். அந்த வீட்டுச் சுவரில் அரிசி மில்லொன்று கொடுத்த கலண்டர் தொங்கியது. தாய் அதில் பால் கணக்கு வைப்பார். ஒரு போத்தலுக்கு ஒரு கோடு, பால் வராத நாளுக்குச் சுழி. கிளினிக் நாள் சிவப்பு வட்டம். நான் போயிருந்த அன்று பேச்சுவாக்கில், பையன் முதன்முதல் கத்தியது எந்த இரவு என்று கேட்டேன். "அண்டைக்கு விடிய பால்காரர் வந்து, ஏன் புள்ள கண் வீங்கியிருக்கு எண்டு கேட்டவர்" என்று கோடுகளை எண்ணிக்கொண்டே போனார். விரல் ஒரு கட்டத்தில் நின்றது. சிவப்பு வட்டத்துக்குப் பிறகு ஆறாவது கட்டம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மருந்தையும் மாற்றத்தையும் இணைத்துப் பார்ப்பதற்கு 1981இல் கனடாவில் உருவான ஓர் அளவுகோல் இருக்கிறது, நரஞ்சோ அளவுகோல் என்பார்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மருந்துக்குப் பிறகுதான் தொடங்கியதா, நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி கொடுத்ததும் வந்ததா, வேறு காரணம் இருக்க முடியுமா, முன்பு இதே வகை மருந்துக்கு இப்படி வந்ததுண்டா என்று போகும். இவற்றில் பலவற்றுக்குப் பதில் வைத்தியரிடம் இல்லை, அந்தக் கலண்டரில்தான் இருக்கிறது. எந்த ஆய்வுகூடத்திலும் இதற்கு இரத்தப் பரிசோதனை கிடையாது.

அன்றிலிருந்து அவர் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குறி போடத் தொடங்கினார். இரவில் எழும்பினால் "க", அடிபிடி என்றால் "அ", இருமல் என்றால் "இ". குளிசை மறந்த நாளையும் எழுதினார், அது மிகப் பெறுமதியான நாள். வீட்டில் புழுதியோ, வைக்கோல் எரித்த புகையோ, ஆட்கள் வந்து தங்கிய இரைச்சலோ இருந்தால் அதையும். தகப்பனின் போன் அவருடைய பையில் பூட்டியிருந்த நாட்களிலும் "க" வந்தது. புலமைப்பரிசில் வகுப்பு லீவு விட்ட கிழமையிலும் "க" வந்தது. "இ" இல்லாத இரவுகளிலும் வந்தது. ஒன்பது நாள் கழித்துக் கலண்டரைக் கழற்றி, சுருட்டி, ரப்பர் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வைத்தியர் அதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார் என்றும், "இப்பிடி ஒரு தாய் எழுதிக்கொண்டு வந்தது இதுதான் முதல்தரம்" என்று சொன்னார் என்றும் எனக்கு வந்து சொன்னார். குளிசை நின்றது. பம்பும் ஸ்பேசரும் வந்தன, பாவிக்கும் விதத்தை மிஸி இரண்டுதரம் செய்து காட்டினார். பக்கவிளைவு அறிக்கைப் படிவம் ஒன்றையும் வைத்தியர் நிரப்பினார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இப்படிப்பட்ட அறிக்கைகளைச் சேர்க்கிறது. சுவீடனின் உப்சாலாவில் உலக நாடுகளின் அறிக்கைகள் குவியும் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. 2009 எச்சரிக்கைக்கும் 2020 கறுப்புக் கட்டத்துக்கும் அடியில் இருந்தவையும் இப்படி ஊரூராக வந்த அறிக்கைகள்தான். எங்கள் பக்கத்தில் இருந்து மிகக் கொஞ்சமே போவதற்கு, எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் வருவதில்லை என்பது காரணமாக இருக்க முடியாது.

நாலாம் இரவில் இருந்து கலண்டரில் "க" இல்லை. அடுத்த மாதத்தில் இரண்டு "அ", அதுவும் தம்பியோடு பட்டத்துக்கு நடந்த சண்டை, அசல் குழப்படி. பம்பைப் பார்த்து மூக்கைச் சுழித்த அம்மம்மா இப்போது பேரனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் யாராவது கேட்டால், மூன்றாம் தரம் சுற்றிப் போட்ட கொச்சிக்காயில்தான் நெடி வந்தது, அதற்குப் பிறகுதான் பிள்ளை நித்திரை கொண்டது என்று சொல்வார். திகதியைப் பார்த்தால் அதுவும் அதே கிழமைதான்.